அடிவரிசையில் நடு ஆள்

முதல் விசிலுக்கே குனிந்தாயிற்று, இனி கடைசி விசிலுக்குத்தான் நிமிர்வது, நடுவில் தும்மல் வந்தாலும் எறும்பு வந்தாலும் எமனே எருமையோடு வந்து நின்றாலும் அடிவரிசைக்காரன் அசையக் கூடாது என்பது கோயில்பிள்ளை சார் சட்டம். இசக்கிதுரை உள்ளங்கை இரண்டையும் மைதானத்து மண்ணில் ஊன்றி, முழங்கால் இரண்டையும் ஊன்றி, நாலு கால் பிராணியாக நின்றான். மண் சுட்டது. மாசி மாத வெயில் மத்தியானம் முழுக்கக் காய்ச்சிப் போட்ட மண், அதில் குருணை குருணையாகக் கல், வலது உள்ளங்கையில் ஒரு கல் சரியாக நடுவில் உட்கார்ந்துகொண்டது, குத்தினால் குத்திவிட்டுப் போகட்டும், கல்லைப் பற்றி யாருக்குக் கவலை, இடது மணிக்கட்டு, அதுதான். இடது மணிக்கட்டைப் பற்றி நினைக்கவே கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறான். பாளையங்கோட்டையில் எத்தனையோ பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் விளையாட்டு விழா உண்டு, ஓட்டம் உண்டு, கொட்டு உண்டு, ஆனால் பிரமிடு இந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் என்று சார் பெருமை பேசுவார். அடிவரிசையில் ஐந்து பேர், அதன் மேல் நாலு, அதன் மேல் மூன்று, இரண்டு, உச்சியில் ஒரு பொடியன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு விசில். அடிவரிசையின் நடு ஆள் இசக்கிதுரை, பதினொன்றாம் வகுப்பு, பள்ளியிலேயே கனத்த உடம்பு. இப்போது அவனுக்குத் தெரிகிற உலகம் ஒரு முழம் மண், ஒரு சுண்ணாம்புக் கோடு, கோட்டைத் தாண்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கும் ஒரு கட்டெறும்பு, அவ்வளவுதான். கூட்டம் காதில் மட்டும் இருந்தது. இரண்டாவது விசில் ஊதியது. சந்தனகுமாரின் முழங்கால் இடது தோள்பட்டைக்குக் கீழே வந்து அழுந்தியது, வலது பக்கம் இன்னொருவன், இரண்டு பேரும் அவன் முதுகைப் பாகப்பிரிவினை செய்துகொண்டார்கள். இடது மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று மெல்லக் கண் விழித்தது.

வலியே இல்லை, வலி என்று ஏன் சொல்ல வேண்டும், ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லலாம். முந்தாநாள் சாப்பாட்டு இடைவேளையில் வந்தது. மற்ற வகுப்பில் புத்தகத்தைப் பிரித்துப் பக்க எண்ணைப் பார்த்து கிரிக்கெட் ஆடுவார்கள், இவர்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் முழங்கையை ஊன்றி ஒருவன் கையை ஒருவன் சாய்க்கும் பந்தயம். வலது கையில் துரையைச் சாய்க்க ஆளில்லை, அதனால் வினித் இடது கைக்கு மாற்றிப் போடு என்றான், மாற்றிப் போட்டான், நல்ல பிள்ளையாகத் தோற்றுத் தொலைத்திருக்கலாம், யார் அழுதார்கள், இல்லை, ஜெயிக்க வேண்டும், பின்னால் நின்று மொத்த வகுப்பும் கத்துகிறது, அழுத்தினான், அப்போது உள்ளே ‘மடக்’ என்று ஒரு சத்தம். “என்னல சத்தம்?” என்றான் வினித். “பெஞ்சு,” என்றான் துரை. பெஞ்சாம். அந்த ஒரு சொல்லை வாயில் எடுத்து வைத்தது யார், எந்தக் குட்டிச் சாத்தான், அது அன்றைக்கே “கை” என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதி உண்டா. பெஞ்சு ஜெயித்தது, வினித் தோற்றான், கை வீங்கியது. வீட்டில் அம்மா பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு ராத்திரியும் இடது கையைப் போர்வைக்குள்ளேயே வைத்திருந்தான். இன்று காலை வேப்பமரத்தடியில் கோயில்பிள்ளை சார் எல்லோரையும் உட்கார வைத்து, பச்சைக் கயிற்றில் தொங்கும் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்: “கை, கால், இடுப்பு, வயித்தால போறது, எதுன்னாலும் இப்பமே சொல்லிருங்கல. ஒருத்தனும் வைய மாட்டேன். மேல நிக்கது சின்னப் பய.” கேட்டுவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். துரையின் முகத்தில் வந்ததும் ஒரு விநாடி கூடவே நின்ற மாதிரி இருந்தது, நின்றாரா, இல்லை இவனுக்குத்தான் குறுகுறுத்ததா. பக்கத்தில் மரியசெல்வம் உட்கார்ந்திருந்தான், வெள்ளை பனியன், முழங்காலில் துணி, எல்லாப் பயிற்சிக்கும் வந்தவன், யாராவது விழுந்தால் ஏறுவதற்காக வைத்திருக்கும் ஸ்டெப்னி. சொல்ல வாயைத் திறந்தான் துரை. கொட்டாவி விட்டான்.

ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவான். உடம்பைத்தான் சொல்ல வேண்டும். இந்த உடம்பை வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தில் அவனுக்கு எங்கே இடம் கிடைத்தது, ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் முருகனும் பிள்ளையாரும் பேசும்போது பின்னால் சாக்கைப் போர்த்திக்கொண்டு மலையாக உட்கார்ந்தது, அதுதான் மேடை ஏறிய கதை. மலைக்கு வசனம் கிடையாது. கோகோவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று சேர்க்க மாட்டார்கள், வகுப்பு போட்டோவில் பின்னால் போ, இன்னும் ஓரமாகப் போ, பெயர்கூட யாருக்கும் நினைவில்லை, லோடு, “ஏ லோடு இங்க வா,” “லோடு வந்தா பெஞ்சு ஒடியும்.” பிறகு ஒரு நாள் கோயில்பிள்ளை சார் மைதானத்தில் நிறுத்தி முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, “இவன் நடுவுல நிக்கலன்னா பிரமிடே கெடையாதுல. இனி எவனாவது லோடுன்னு கூப்பிட்டா பல்லு இருக்காது,” என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனானா மிதந்து போனானா தெரியாது. அம்மா ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவள், அன்றைக்கு உட்கார்ந்து கேட்டாள், நடுவுலன்னா எங்க, எல்லாத்துக்கும் நடுவுலயா, என்று இரண்டு தரம் கேட்டாள். மறுநாள் கடை முழுக்கச் சொல்லிவிட்டாள். இப்போது பந்தலுக்குள் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள். நேற்று செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டிக்கொண்டிருந்தாள், புதுசு வாங்கேம்மா என்றதற்கு, “கடைக்கு லீவு சொல்லியாச்சு, இந்தச் செருப்புக்கு எங்க போய் லீவு சொல்ல,” என்று சிரித்தாள். அவளிடம் போய், எம்மா எனக்குப் பதில் மரியசெல்வம் நிக்கான் என்று எப்படிச் சொல்லுவது. ஒரு நாள் கூத்துதானே, கொஞ்ச நேரம்தானே, ஏறுவார்கள், கை தட்டுவார்கள், இறங்குவார்கள், இந்தக் கை அதுவரை தாங்காதா. தாங்கும். தாங்கும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதே தாங்காது என்று தெரிந்துதானோ.

மூன்றாவது விசில். மேலே காலும் கையும் நகர்கிற சலசலப்பு, சந்தனகுமாரின் மூச்சு பிடரியில் சூடாக விழுந்தது, முதுகில் எடை கூடியது, அரிசி மூட்டை மேல் அரிசி மூட்டை அடுக்குகிற மாதிரி. மூட்டை என்றாலும் பரவாயில்லை, மூட்டை பயப்படாது, மேலே இருக்கிறவர்கள் பயத்தில் நடுங்குகிற நடுக்கம் முதுகெலும்பு வழியாக இறங்கி நேரே இடது மணிக்கட்டில் போய்ச் சேர்ந்தது. எட்டாம் வகுப்பில் அவன் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்த அந்தப் பிரமிடு, அதை இப்போது நினைக்கக் கூடாது. இதே மைதானம்தான், அடிவரிசையில் ஒருத்தன் தும்மினான், சாதாரணத் தும்மல், மூக்கு பிடிக்காமல் ஒரே தும்மல், மண்வீடு சரிகிற மாதிரி எல்லாம் சரிந்தது, உச்சியில் நின்ற பையன் கையை முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தான். அவனை இப்போதும் தேரடி டீக்கடையில் பார்க்கலாம், கண்ணாடி கிளாசை வாய்க்குக் கொண்டுபோகும்போது அவன் முழங்கை ஒரு அளவுக்கு மேல் மடங்காது, கழுத்தை நீட்டிக் குடிப்பான். அதற்கப்புறம் பிரமிடே வேண்டாம் என்று ஹெச்.எம். நிறுத்திவைத்தார், இந்த வருஷம்தான் கோயில்பிள்ளை சார் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அனுமதி வாங்கினார். இந்தத் தடவை விழுந்தால் சார் வேலைக்கே உலை. சார் கிடக்கட்டும், அப்சல். நாலாவது விசில் ஊதிவிட்டது, அடுத்தது அப்சல்தான். ஆறாம் வகுப்பு, மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் வருகிறான், முன்பல் ஒன்று விழுந்து பாதி முளைத்திருக்கிறது. முதல் நாள் பயிற்சியில் எல்லோரையும் விட்டுவிட்டு இவனிடம் வந்து காதோரமாகக் கேட்டான், “அண்ணே, நீங்க அசைய மாட்டீங்கள்லா?” எப்படிக் கண்டுபிடித்தான், மேலே நிற்கிறவனுக்குக் கீழே இருக்கிறவன்தான் எல்லாம் என்று அந்தப் பொடியனுக்கு யார் சொன்னது. “நான் இருக்கேம்ல. நீ மேல பாத்து நில்லு,” என்றான் துரை. சொன்னபோது அது உண்மை. அப்போது கை நன்றாக இருந்தது.

ஐந்தாவது விசில். அப்சல் ஏறுவது தெரிந்தது. நேரே தெரியாது, பல கை மாறி வருகிற சேதி மாதிரிதான் தெரியும், முதலில் மேல் வரிசை இறுகும், பிறகு சந்தனகுமார் மூச்சைப் பிடிப்பான், அப்புறம் ஒரு இம்மி கூடும், ஒரு பூனை ஏறியது போல. ஏறிவிட்டான். நின்றுவிட்டான். கூட்டம் ஓ என்று கத்தியது, சேர அணியும் சோழ அணியும் ஒன்றையொன்று வையாமல் ஒரே குரலாகக் கத்துவது வருஷத்தில் இப்போது மட்டும்தான். அவ்வளவுதான், முடிந்தது, இனி அப்சல் இடுப்பில் செருகியிருக்கும் பள்ளிக் கொடியை எடுத்து விரிப்பான், போட்டோக்காரர் எடுப்பார், சார் ஊதுவார், இறங்குவார்கள், ராத்திரி வெந்நீர் ஒத்தடம், நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், கட்டெறும்பு கோட்டைத் தாண்டிவிட்டதா, தாண்டிவிட்டது, நல்ல சகுனம். மேலே துணி படபடவென்று விரிகிற சத்தம். கை தட்டல். துரை விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். விசில் வரவில்லை. டொம் என்று ட்ரம் அடித்தது. அவனுக்கு ஒரு விநாடி விளங்கவில்லை, அப்புறம் விளங்கியது. பள்ளிக் கீதம். கொடி விரிந்தால் பேண்டு வாசிக்க வேண்டும், பேண்டு வாசித்தால் பள்ளி பாட வேண்டும், பாடினால் ஒருத்தன் அசையக் கூடாது, இந்தப் பள்ளிக்கூடத்தில் செங்கல் வைத்த நாள் முதலாக அதுதான் வழக்கம். எந்த ஊரில் கொடியைப் பார்த்தாலும் பேண்டுப் பயல்களுக்குக் கை தானாக எழும்பிவிடும். அது ஏன் ஒரு பயிற்சியிலும் நடக்கவில்லை என்றால், பயிற்சியில் கொடி ஏது, நிஜக் கொடி ஹெச்.எம். பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது, அப்சல் தினமும் விரித்தது கோயில்பிள்ளை சாரின் டர்க்கித் துண்டு. துண்டுக்கு யார் கீதம் வாசிப்பார்கள். எல்லாவற்றையும் யோசித்த சார் இதை யோசிக்கவில்லை.

பந்தலில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன, எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஹெச்.எம்., துபாயிலிருந்து வந்த பழைய மாணவர், பெற்றோர்கள், அம்மாவும் எழுந்திருப்பாள், ஊக்குச் செருப்போடு. சார் என்ன செய்வார், வாயில் விசிலைக் கவ்விக்கொண்டு, கை இரண்டையும் தொடையோடு ஒட்டி, கொடியைப் பார்த்து விறைத்து நிற்பார், அவர் மட்டும் என்ன, இந்தப் பள்ளியில் படித்து இங்கேயே வேலைக்கு வந்தவர்தானே, அவர் உடம்பிலும் அந்த வழக்கம் ஊறிக் கிடக்கும். பழைய ஹெச்.எம். ஒருவர் இருந்தாராம், கீதத்தின்போது காக்கை அவர் தோளில் எச்சமிட்டதாம், மூன்று சரணமும் முடிகிறவரை கண்ணைக்கூட இமைக்கவில்லையாம், அந்தக் கதையை ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிடுவார்கள். மூன்று சரணம். எழுதின புண்ணியவான் ஒரே சரணத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா, ஊர், ஆறு, வயல், அறிவு, ஒழுக்கம் என்று ஒன்று விடாமல் வாழ்த்த வேண்டுமா. “அசையா மலையென நின்றிடுவோம்” என்று ஆயிரம் பேர் இழுத்துப் பாடினார்கள். மலைக்கு மறுபடியும் வசனம் இல்லை. மணிக்கட்டு இப்போது ஒரு மாதிரி இல்லை, வலிதான், வலி என்றே சொல்லலாம், உள்ளே கம்பியைக் காய்ச்சி வைத்த மாதிரி, உள்ளங்கையை அப்படியே ஊன்றியிருப்பதால்தான், கையை முட்டியாக மடக்கிக்கொண்டால் மணிக்கட்டு நேராகிவிடும், விரலை மடக்கப் பார்த்தான், விரல் கேட்கவில்லை, யாரோ வேறொருவன் விரல். சரி, வலது பக்கம் கொஞ்சம் சாயலாம், ஒரு நூல் அளவு, யாருக்குத் தெரியப் போகிறது, சாய்ந்தான். சாய்ந்ததும் முதுகு சரிந்தது, முதுகு சரிந்ததும் சந்தனகுமார் சரிந்தான், ஒரு நூல் மேலே போகப் போக ஒரு சாண் ஆகியிருக்க வேண்டும், உச்சியில் “ம்மா” என்று ஒரு சின்னக் குரல். மூன்றாம் வரிசையிலிருந்து பல்லுக்குள் ஒருவன் வைதான், “எவம்ல கீழ ஆட்டுதது?” துரை திரும்ப நடுவுக்கு வந்தான். நடுவுக்கு வந்தால் இடது கை. இடது கைக்கு ஓய்வு கொடுத்தால் அப்சல். வேறு கணக்கே கிடையாது, எப்படிப் போட்டாலும் இந்த இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கிறது, பயமாக இருந்தது, இது வரை வந்த பயமெல்லாம் தன்னைப் பற்றிய பயம், யார் பார்ப்பார்கள், யார் சிரிப்பார்கள், இது அப்படியில்லை, டீக்கடையில் கழுத்தை நீட்டிக் குடிக்கிறவனுக்கு இப்போது அப்சலின் முகம் வந்துவிட்டது, பாதி முளைத்த பல்லோடு.

அடிவரிசையில் இடது பக்கம் குனிந்து நின்ற வினித் மண்ணைப் பார்த்தபடியே கேட்டான், “எலேய், கையா?” இல்ல என்றான் துரை. உடனே சொல்லிவிட்டான், யோசிக்கவே இல்லை, பெஞ்சு என்று சொன்ன அதே வாய். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி மண்ணில் சின்னக் குழி பறித்தது. முதல் சரணம் முடிந்து பேண்டு தனியாக வாசித்தது, அந்த இடம் வேறு இழுவை, இரண்டாம் சரணம் ஆரம்பித்தது, முழங்கை தந்தியடிக்க ஆரம்பித்தது. கத்தலாம். கத்தினால் சார் ஊதிவிடுவார். ஆனால் கத்த மூச்சு இழுக்க வேண்டும், மூச்சு இழுத்தால் முதுகு ஏறும், தும்மலுக்கும் கத்தலுக்கும் என்ன வித்தியாசம், திடீரென்று கத்தினால் அப்சல் பயந்தே விழுந்துவிடுவானே. அதுவும் ஒரு சாக்குத்தானோ. காலையில் கொட்டாவி விட்டவன்தானே நீ, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று கடைசிவரை தள்ளிப்போட்டு, கை தானாக விட்டபிறகு, நான் என்ன செய்ய என்று கேட்பதற்குத்தானே பார்க்கிறாய். அம்மாவுக்கு அது தெரியுமா, எல்லாத்துக்கும் நடுவுலயா என்று கேட்டவளுக்கு. துரை தலையை அசைக்காமல் உதட்டை மட்டும் அசைத்தான். “சந்தனம். எனக்குக் கை போச்சு. அப்சல இறங்கச் சொல்லு. மேல சொல்லு.” முதுகில் இருந்த முழங்கால் ஒரு கணம் உறைந்தது. பிறகு நெரிசல் பஸ்ஸில் பின்னால் நிற்கிறவன் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு கைமாறிக் கைமாறி கண்டக்டரிடம் போகிற மாதிரி அந்தச் சொல் மேலே போனது, லோடுக்குக் கை போச்சாம், கை போச்சாம்ல, அப்சல இறங்கச் சொல்லு, இறங்குல. லோடு என்றார்கள், இந்த நேரத்திலும் லோடு, போகட்டும். உச்சியிலிருந்து பதில் இறங்கி வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை, நேராகவே கேட்டது, அழப்போகிற குரல்: “பாட்டு முடியலயே!”

பாட்டு முடியலையாம். துரைக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை, காக்கை எச்சக் கதையை முழுசாக நம்பியிருக்கிற பிள்ளை, கீதத்தின்போது இறங்கினால் ஹெச்.எம். டி.சி. கொடுத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு அங்கே கொடியைப் பிடித்து நிற்கிறான், கீழே இருக்கிறவன் அசைய மாட்டேன் என்று சொன்னதையும் நம்பிக்கொண்டு. கட்டை விரலுக்குக் கீழே ஏதோ நழுவியது. முழங்கை தானாக ஒரு தரம் மடங்கியது, அவன் எப்படியோ அதைத் திரும்ப நிமிர்த்தினான், எதைக் கொண்டு நிமிர்த்தினான் என்று அவனுக்கே தெரியாது. ஆயிரம் பேர் ஒழுக்கத்தை வாழ்த்திவிட்டு அடுத்த வரிக்காக மூச்சு வாங்குகிற இடைவெளி வந்தது. துரை மெதுவாக, முதுகு ஏறாமல், வயிற்றுக்குள் காற்றை இழுத்தான்.

“அப்சல், இறங்குல! பாட்டு கெடக்குது! எனக்குக் கை ஒடிஞ்சிருக்கு! சார்! காலையில நீங்க கேக்கும்போதே ஒடிஞ்சிருந்துச்சு சார்!”

மைதானம் முழுக்கக் கேட்டது, மதில் வரை போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. தன் குரல் இவ்வளவு பெரிதா. ட்ரம் ஒரு அடி பிசகியது. அடுத்த நொடி விசில், நீளமாக, மூச்சு தீர்கிற வரை ஒரே விசில், அதற்குப் பின்னால் சார் ஓடி வருகிற சத்தம், “மெதுவா, மெதுவால, எங்கிட்ட தாவு, கொடிய விட்டுட்டுத் தாவு.” பூனை எடை போனது. துரை ஒன்றையும் நினைக்கவில்லை, கடைசியில் ஒரு வழியாக நினைப்பு நின்றுபோயிருந்தது, கை மட்டும் இருந்தது, இன்னும் கொஞ்சம், இரண்டு பேர் போனார்கள், இன்னும், மூன்று பேர், ஒருத்தன் இறங்கும் அவசரத்தில் விலாவில் மிதித்தான், மிதிக்கட்டும், சந்தனகுமாரின் முழங்கால் எழுந்தது. முதுகில் காற்று பட்டது. பனியன் நனைந்து கிடந்த இடத்தில் காற்று அவ்வளவு குளிர்ந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள், நான்தான் இருக்கிறேன் என்று அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது. கையை எடுக்க முடியவில்லை. அப்படியே நாலு காலில் நின்றான். பேண்டு நிற்கவில்லை, ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிற பேண்டா அது, மூன்றாம் சரணம் தட்டுத் தடுமாறி ஆரம்பித்தது, இறங்கிய பயல்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அங்கங்கே விறைத்து நின்றார்கள். அவன் கண்ணுக்குச் சுற்றிலும் வெறுங்கால்கள் மட்டும் தெரிந்தன. அதில் ஒரு ஜோடி மிகச் சின்னது, அவன் முகத்துக்கு நேரே வந்து குதிகால் சேர்த்து நின்றது.

“அண்ணே,” என்று அது கிசுகிசுத்தது, “நான் கொடியக் கீழ விடலண்ணே. கழுத்துல சுத்திக்கிட்டேன்.”

வினித்தும் பக்கத்தில் நின்றபடி, “பெஞ்சு இல்லைல்லா அது,” என்றான். மைதானத்தில் ஒருத்தரும் அசையாத அந்த நேரத்தில் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வந்துகொண்டிருந்தது. வலது வாரில் ஊக்கு. ஓட்டமும் நடையுமாக வந்ததில் பாதி தூரத்தில் ஊக்கு தெறித்துவிட்டது, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒற்றைக் காலில் செருப்போடு வந்தாள். வந்து மண்ணில் உட்கார்ந்தாள்.

“எய்யா, எந்தக் கை?”

“எம்மா, எல்லாரும் நிக்காவ. பாட்டு முடியலம்மா.”

“பாட்டு கெடக்கு. எந்தக் கைய்யா?”

அவன் இடது என்று சொல்ல வாயைத் திறந்தான், சொல் வராமல் அழுகை வந்தது. பெரிய உடம்பு அழுதால் முழுசாகத்தான் அழும், தோள் குலுங்கியது, அம்மா கேட்பதை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் சேர்த்தே பிடித்தாள், இடது கையில் பட்டதும் அவன் துடித்ததைப் பார்த்து அதை மட்டும் தன் மடியில் எடுத்து வைத்தாள். வீங்கி, மண் அப்பி, அது யாருடைய கையோ போலக் கிடந்தது. கோயில்பிள்ளை சாரும் வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பள்ளி முழுக்க நின்று பாடிக்கொண்டிருக்க அந்த மூன்று பேர் மட்டும் தரையில் இருந்தார்கள். சார் தோளில் கிடந்த டர்க்கித் துண்டை எடுத்து, மடித்து, துரையின் கழுத்தைச் சுற்றித் தொட்டில் மாதிரி கட்டி, கையை அதில் இறக்கினார்.

“காலையில கேட்டேம்லல,” என்றார்.

“கேட்டீங்க சார்.”

“பின்ன ஏம்ல சொல்லல?”

துரை வலது புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “சொன்னா என்னைய வரிசைய விட்டு எடுத்திருப்பீங்கள்லா சார்?”

சார் துண்டின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். பாட்டு கடைசி வரிக்கு வந்திருந்தது.

“எடுத்துத்தாம்ல இருப்பேன்,” என்றார்.

“அதாம் சார்,” என்றான் துரை.